பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் உங்கள் மணிக்கட்டும்

நாள் முழுக்க பைக்கில் சாப்பாடும் பார்சலும் கொண்டுபோகிற, ஆளை ஏற்றி இறக்குகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சென்னையில் ஒரு சின்ன டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து எழுதுகிறேன். இப்போதெல்லாம் என் கடை வாசலில் நிற்கிற வண்டிகளில் உங்களுடையதுதான் அதிகம். ஆயில் மாற்ற வருகிறீர்கள், செயின் ஸ்ப்ராக்கெட் மாற்ற வருகிறீர்கள், பிரேக் ஷூ தேய்ந்து கரகர சத்தம் கேட்ட பிறகு வருகிறீர்கள். வண்டிக்கு என்ன கோளாறு என்று கடகடவென்று ஒப்பிக்கிறீர்கள். உங்களுக்கு என்ன கோளாறு என்பதை மட்டும் சொல்வதில்லை. ஆனால் ஸ்டாண்டு போட்டு இறங்கியதும் இடது கையை உதறுகிறீர்கள். இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் வளைகிறீர்கள். கேட்டால், "வண்டி ஓட்டுற பொழப்புண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வருகிறது.

அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கை மரத்துப்போவது, தோள்பட்டை இழுப்பது, கழுத்து பிடித்துக்கொள்வது எல்லாம் தொழிலோடு வந்த சீதனம் என்று நினைத்து ஜெல் சீட் கவர், தடித்த கிளவுஸ், கிரிப்புக்கு மேல் மாட்டும் ஸ்பாஞ்சு என்று ஜி.பி. ரோட்டில் காசு செலவழிக்கிறீர்கள். செலவில்லாத வைத்தியம் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. ஹேண்டில் பாரும் அதில் மாட்டியிருக்கிற லீவர்களும் ஷோரூமில் வந்த கோணத்திலேயே காலம் பூராவும் நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அவை திரும்பும். திருப்பத்தான் போல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் ஹீரோ ஹோண்டா இறக்கிய வண்டி. உங்களில் எத்தனையோ பேருக்கு இன்றைக்கும் அதுதான் சோறு போடுகிறது. சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவரும் அதில்தான் உட்காருகிறார், ஆறடி ஆளும் அதில்தான் உட்காருகிறார். இருவருக்கும் கை நீளம் ஒன்றா, முதுகு நீளம் ஒன்றா? நடுத்தரமாக ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் எந்தக் கம்பெனியும் ஹேண்டிலை வளைக்கமுடியும். அந்த ஆள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிறவர். முதுகில் பெட்டி மாட்டிக்கொண்டு காலை முதல் ராத்திரி வரை சிக்னல் சிக்னலாக நிற்கிறவரைக் கணக்கில் வைத்து இந்த வண்டிகள் வரவில்லை. ரெடிமேட் சட்டை வாங்கினால்கூட கை நீளத்தைக் குறைத்துத் தைத்துக்கொள்கிறோம். வண்டியை மட்டும் வந்தபடியே ஓட்டுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தார். "கிளட்ச் கல்லு மாதிரி இருக்குண்ணா, கேபிள் மாத்திடுங்க" என்றார். கேபிளைக் கழற்றி இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம்தான் லீவரைப் பார்த்தேன். கிட்டத்தட்ட தரைக்குச் சமமாக, நேரே முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. லீவர் பிராக்கெட்டைச் சுற்றி ஹேண்டில் பைப்பில் ஒரு வட்டத் துரு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது அசைந்ததே இல்லை. இடது கிரிப்பில் வெளிப்பக்க ரப்பர் புள்ளிகள் புதுசாகவே இருந்தன, உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. லீவரை எட்டுவதற்காகக் கையை உள்ளே தள்ளி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்துப் பிடித்து ஓட்டியிருக்கிறார். வேளச்சேரியிலிருந்து கிண்டி போவதற்குள் எத்தனை தடவை கிளட்சை அமுக்குவோம் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை தடவையும் மடிந்த மணிக்கட்டோடு. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, லீவரை ஒரு விரல்கடை கீழே இறக்கி இறுக்கினேன். உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தவர், "கேபிள் புதுசு போட்டீங்களாண்ணா, லூசாயிடுச்சே?" என்றார். பழைய கேபிள்தான்.

இதனால்தான் முதலில் லீவரைப் பாருங்கள் என்கிறேன். ஹேண்டில் உயரம் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. லீவர் கோணம் பற்றி மெக்கானிக்குகளே வாய் திறப்பதில்லை. என் அனுபவத்தில் கை வலி என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு லீவரைச் சரிசெய்ததோடு வேலை முடிந்துவிடுகிறது, ஹேண்டிலைத் தொடவே வேண்டியிருப்பதில்லை.

எப்படிப் பார்ப்பது? மெயின் ஸ்டாண்டில் வேண்டாம், அதில் வண்டியின் சாய்வே மாறிவிடும். நண்பர் ஒருவரை முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற கோலத்திலேயே ஏறி உட்காருங்கள்: ஹெல்மெட், ஷூ, முதுகில் பெட்டி, பெட்டிக்குள் கொஞ்சம் எடை. தோளைத் தளர விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் கிரிப்பில் வைத்து விரல்களை லீவர் மேல் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியவேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்தால் லீவர் உயரத்தில் இருக்கிறது, கீழே தொங்கினால் லீவர் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது. முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேரே தோளுக்குத்தான் போகும்.

இதில் பெட்டியை மறந்துவிடாதீர்கள். பெட்டியின் அடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் எடையைச் சீட்டு தாங்குகிறது. வார் தொளதொளவென்று இருந்தால் பெட்டி பின்னால் சாய்ந்து தோளை இழுக்கும், கை தானாக நீளும். வாரைச் சரிசெய்யாமல் ஹேண்டிலைத் திருப்பினால் தப்பான அளவுக்குத்தான் திருப்புவீர்கள். பைக் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பின்னால் ஆள் ஏறியதும் வண்டி பின்பக்கம் தாழும், லீவர் சற்று மேலே பார்க்கும். பின் ஷாக்கில் இருக்கிற படியை ஒன்றிரண்டு ஏற்றி வைத்துவிட்டு, ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதைக் கவனியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. மணிக்கட்டுக்குள் எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே குறுகலான ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. மணிக்கட்டு மடிந்தே இருந்தால் அந்த வழி நெருங்கி நரம்பை அமுக்கும். ஆகவே கட்டைவிரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் லீவர் கோணத்தைச் சந்தேகப்படலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் மரத்தால் விஷயம் வேறு. அந்த நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகிறது. உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்கினால் அது நசுங்கும். நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற தொல்லை இது. ஹேண்டில் உங்களுக்கு ரொம்ப முன்னால் அல்லது ரொம்பத் தாழ்வாக இருக்கிறது, இல்லையென்றால் சீட்டில் முன்னால் வழுக்கிக்கொண்டு போகிறீர்கள். வழவழப்பான ரெக்சின் சீட் கவர் இந்த இரண்டாவது காரியத்தை நன்றாகச் செய்யும்.

சுண்டுவிரல் கேஸ் என்றால்தான் ஹேண்டிலைத் தொடவேண்டியிருக்கும். மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை ஆர்டர் மந்தமாக இருக்குமே, அந்த நேரம் போதும். பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் ஹேண்டில் என்பது 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே பைப். மேல் தட்டில் இரண்டு கிளாம்ப்கள் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். கிளாம்புக்கு இரண்டு போல்ட், ஆக நாலு. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் சேரும், சில வண்டிகளில் ஆறாம் நம்பர் அலன் கீ. தளர்த்துவதற்கு முன்னால் டேங்க் மேல் ஒரு பழைய துணியைப் போடுங்கள், ஸ்பேனர் நழுவினால் பெயிண்டு போகும். பைப்பும் கிளாம்பும் சேருகிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வர அதுதான் வழி. பல வண்டிகளில் கம்பெனியே பைப்பில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், அதுவும் உதவும்.

போல்ட்டைக் கழற்றவேண்டாம், பைப் கையால் திரும்புகிற அளவுக்குத் தளர்த்தினால் போதும். உங்கள் பக்கம் திருப்பினால் கிரிப் கிட்டே வரும், கூடவே கொஞ்சம் தாழும். முன்னால் திருப்பினால் எட்டிப் போகும், கொஞ்சம் உயரும். பலர் இங்கேதான் அளவு மீறுகிறார்கள். கிளாம்பில் நாலைந்து மில்லிமீட்டர் திருப்பினாலே கிரிப்பில் நன்றாகத் தெரியும். ரொம்பவும் உங்கள் பக்கம் இழுத்தால் கிரிப் நுனி தரையைப் பார்க்கும், மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடியும், ஒரு வலி போய் இன்னொன்று வரும். கிளாம்பிலிருந்து மேலே எழும்புகிற பைப் முன் ஃபோர்க்கின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக இருக்கட்டும். அதிலிருந்து வெகுதூரம் விலகவேண்டியிருந்தால் அந்த ஹேண்டிலே உங்களுக்கு ஏற்றதல்ல. ஹேண்டிலைத் திருப்பும்போது லீவரும் கூடவே திரும்பிவிடும் என்பதால் அதை மறுபடியும் சரிசெய்யவேண்டும். ஸ்விட்ச் பெட்டியை மட்டும் முறுக்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன முளை பைப்பில் உள்ள ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும், வலுவாகத் திருப்பினால் அது முறிந்து, அன்றிலிருந்து ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் ஸ்விட்ச் பெட்டியும் சேர்ந்து சுற்றும்.

இறுக்குவதில் அவசரம் கூடாது. பல ஹோண்டா, யமஹா மேனுவல்களில் முன் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டுப் பிறகு பின் போல்ட்டை இறுக்கச் சொல்லியிருக்கும், இடைவெளி பின்பக்கம் மட்டும் இருக்கும். சில வண்டிகளில் இரண்டு பக்கமும் சமமான இடைவெளி. உங்கள் வண்டிக்கு எது என்று தெரியாவிட்டால் தளர்த்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அதே மாதிரி வையுங்கள். ஸ்பேனரில் பைப் சொருகி, ஏறி நின்று இறுக்குகிற வீரம் வேண்டவே வேண்டாம். கிளாம்பின் அடிப்பாகம் பல வண்டிகளில் அலுமினியம். மரை போய்விட்டால் மேல் தட்டையே மாற்றவேண்டி வரும். அதற்காகக் கைவிரலால் இறுக்கிவிட்டு ரோட்டில் இறங்கவும் கூடாது. இறுக்கிய பிறகு கிரிப்பின் மேல் நுனியைப் பிடித்து உடம்பு எடையைப் போட்டு அமுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் அந்த வண்டி கடைக்கு வரட்டும்.

அடுத்த சோதனையைத் தவிர்த்தவர்கள் விழுந்திருக்கிறார்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நியூட்ரலில், ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. யூ டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். இரண்டு கோடியிலும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் டக்கென்று திரும்பி வரவேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடுகிற இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. திருப்பும்போது அது காணாமல் போனால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும். டிஸ்க் பிரேக் ஹோஸ் விறைக்கக்கூடாது. மேலே இருக்கிற பிரேக் ஆயில் டப்பா ரொம்பச் சாய்ந்திருக்கவும் கூடாது. கட்டைவிரல் டேங்குக்கும் கிரிப்புக்கும் இடையே மாட்டுகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைக் கடைசியில் வையுங்கள்.

உயரம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ரைசர் என்று ஒரு கட்டையைக் கிளாம்புக்கு அடியில் வைத்து ஹேண்டிலைத் தூக்குகிற மோகம் உங்களிடையே பரவியிருக்கிறது. நிமிர்ந்து ராஜா போல உட்காரலாம் என்பது எண்ணம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதுகு நட்டுக்குத்தாக நிற்கும்போது மேல் உடம்பின் எடை முழுக்க இடுப்பு எலும்பில் இறங்குகிறது, பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேகமாகப் போகும்போது காற்று நெஞ்சில் அறையும், அதற்கு ஈடுகொடுக்கக் கையால் ஹேண்டிலை இழுத்துப் பிடிப்பீர்கள். மேல் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பதுதான் நல்லது. ஆறடிக்காரருக்கு ஒரு சின்ன ரைசர் தேவைப்படலாம், மறுக்கவில்லை. அப்போது கேபிள், ஹோஸ், ஒயரிங் எல்லாவற்றின் நீளத்தையும் பார்த்து ஒரு மெக்கானிக் செய்யவேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கிளாம்புக்குள் ஹேண்டிலைத் திருப்புவது வண்டியின் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியைக் கம்பெனி வடிவத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். தலைக்கு மேல் கை தூக்கிப் பிடிக்கிற ஹேண்டில் எல்லாம் உங்கள் பிழைப்புக்கு ஆகாது.

பல்சர் 220, ஆர்15 வைத்துக்கொண்டு டெலிவரி ஓட்டுகிற காலேஜ் தம்பிகளே, உங்களிடம் சொல்வதற்கு எனக்கு நல்ல செய்தி இல்லை. அவற்றில் ஒரே பைப் கிடையாது. இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள் ஃபோர்க்கோடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும், கோணம் நிலையானது. லீவரை மட்டும் கொஞ்சம் இறக்கலாம். கல்லூரிக்குப் போய்வர அருமையான வண்டி, எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கட்டைத் தின்றுவிடும். எக்ஸ்சேஞ்சுக்கு வழியிருந்தால் யோசியுங்கள்.

விழுந்து எழுந்த ஹேண்டில் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் வைத்து முறுக்கிச் சரிசெய்வது உங்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. ஃபோர்க் கிளாம்பில் கொஞ்சம் திரும்பியிருந்தால் அது பலிக்கும். பைப்பே வளைந்திருந்தால் பலிக்காது. வளைந்த பைப்பைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும், விரிசலில் வெல்டிங் வைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. தயவுசெய்து என்னிடம் அதைக் கேட்காதீர்கள். ஒரு தடவை மடங்கிய இடத்தில்தான் மறுபடியும் ஒடியும், அது முன்பிரேக் அழுத்துகிற நேரமாகவும் இருக்கலாம். ஒரிஜினல் பைப் புதிதாக வாங்குங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டுகிற தங்கைகளுக்கு ஹேண்டிலைத் திருப்புகிற வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஹேண்டிலும் தண்டும் ஒன்றாகவே வரும். ஆனால் சின்னக் கைக்கு எட்டாத லீவரும் கடினமான பின்பிரேக்கும் உங்களை அதிகம் படுத்துகின்றன. பிரேக் கேபிளைக் கழற்றி ஆயில் விட்டாலே இடது கைக்குப் பாதி வேலை குறையும். கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அப்படி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பதற்கு முன் ஷோரூமிலேயே ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி, முழங்காலில் இடிக்கிறதா, லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். அதைப் பிறகு எந்த ஸ்பேனராலும் மாற்றமுடியாது.

சில்லறை விஷயங்கள். ஹேண்டில் நுனியில் இருக்கிற இரும்புக் குண்டு அழகுக்கு அல்ல, அதிர்வை அடக்குவதற்கு. தொலைந்தால் மாற்றுங்கள். ஸ்பாஞ்சு கிரிப் பருமனைக் கூட்டும், பருமன் கூடினால் இறுக்கிப் பிடிக்கவேண்டும், சின்னக் கைக்காரர்களுக்கு அதனாலேயே வலி கூடும். போன் ஹோல்டரைக் கண் அதிகம் இறங்காத உயரத்தில் மாட்டுங்கள், கழுத்துக்கு நல்லது. விலை உயர்ந்த போனை மாட்டாதீர்கள். பைக் அதிர்வில் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. கோன் செட் இறுகியிருந்தால் ஹேண்டில் திரும்பவே மறுக்கும். அந்த வண்டியில் எந்தக் கோணம் வைத்தாலும் தோள் வலிக்கும்.

சக மெக்கானிக்குகள் யாராவது இதைப் படித்தால், சர்வீசுக்கு வருகிற டெலிவரி வண்டியை ஒப்படைக்கும் முன் ஓட்டுகிறவரை ஒரு தடவை ஏற்றி உட்காரவைத்து லீவரைப் பாருங்கள். அதற்குக் காசு வாங்கினாலும் தப்பில்லை, நான் வாங்குவதில்லை.

எல்லாம் செய்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகும் ராத்திரித் தூக்கத்தில் கை மரத்து விழிப்பு வந்தால், சட்டை பட்டன் போட விரல் தடுமாறினால், டீ கிளாஸ் கையிலிருந்து நழுவினால், அது ஸ்பேனர் விவகாரம் இல்லை. அரசு ஆஸ்பத்திரி எலும்பு ஓ.பி.க்குப் போங்கள். எந்த விரல், எந்த நேரம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்கிறீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் உங்களுக்குத் தருகிற நேரம் கொஞ்சம்தான், பைக்தான் தொழில் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளைப் பார்க்கிற ஒரு மெக்கானிக்